தின்னருக்குக் கீழே ஒரு வரி

என் அக்கா புருஷனைப் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கில் கண்ணாடி மாட்டியவர் இல்லை அவர். அவர் பெயிண்ட் அடித்து முடித்த கார் கதவு முன்னால் நின்று தலை சீவிக்கொள்ளலாம், அதனால் வந்த பெயர். முதலாளி கண்ணாடி என்பார், கூட வேலை பார்க்கிறவர்கள் கண்ணாடியண்ணே என்பார்கள். எனக்கு அவர் மாமா. அக்காவைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என்னை வம்புக்கு இழுப்பதை ஒரு கடமையாகவே செய்துவருகிறவர். நான் மருந்துக்கடையில் கவுண்ட்டரில் நிற்கிறேன் என்பதால், "டாக்டரம்மா, எனக்கு உங்க அக்கா கோபத்துக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?" என்று கேட்பார். கோபம் அக்காவுக்கு இல்லை, எனக்குத்தான். இதைப் படித்து முடிப்பதற்குள் அதை நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

தெருவில் நிற்கிற எந்தக் காரையும் மாமாவால் சும்மா கடந்து போக முடியாது. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் ஓரம் பார்ப்பார். "இந்தக் கதவு மாத்தினது. ஷேடு ஒரு நூல் தப்பியிருக்கு" என்பார். ஒரு தடவை பெரிய வீடு ஒன்றின் வாசலில் இப்படிக் குனிந்து நின்றவரை, திருடன் என்று காவலாளி பிடித்துவைத்துவிட்டார். அக்கா ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வந்தாள். கிளம்பும்போது இவர் அந்தக் காவலாளியிடம், "உங்க முதலாளி வண்டிக்கு எவனோ பட்டி சரியாத் தேய்க்கல, சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்படி ஒரு மனுஷன். ஒரு கீறலைப் பொறுக்க மாட்டார். தன் நெஞ்சுக்குள் என்ன கீறல் விழுகிறது என்று மட்டும் பார்க்க மாட்டார்.

அந்தப் பட்டறையை நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். ஸ்ப்ரே ரூம் என்று பெரிதாகச் சொல்வார்கள். மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் பிளாஸ்டிக் திரை, அவ்வளவுதான். சுவரில் காற்றை வெளியே தள்ளுகிற விசிறி ஒன்று உண்டு. அதன் இறக்கையில் படிந்திருந்த பெயிண்டைப் பார்த்தால், அந்தப் பட்டறைக்கு வந்த கார்களின் நிறத்தையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடலாம். இந்தக் காலத்துப் பெயிண்ட் தானாகக் காய்கிற சாதுவான பெயிண்ட் இல்லை. இளக்குவதற்குத் தின்னர் ஊற்றி, ஹார்ட்னர் என்று ஒன்றைக் கலக்கிறார்கள். அது சேர்ந்தால்தான் தகரத்தின் மேல் கல் மாதிரி இறுகும். ஸ்ப்ரே கன்னை அழுத்தினதும் அது புகையாகப் பறக்கிறது. பறக்கிற புகைக்குத் தகரம் எது, நுரையீரல் எது என்று தெரியுமா? முகமூடி கொடுத்திருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குள் மாற்றவேண்டிய வடிகட்டியை முதலாளிக்கு ஞாபகம் வந்தால் மாற்றுவார்கள். முதலாளிக்கு ஞாபகசக்தி கொஞ்சம் கம்மி.

அப்படித்தான் மாமாவுக்கு இழுப்பு வந்தது. முதலில் இருமல், பிறகு மாடிப்படியில் மூச்சிரைப்பு, பிறகு படுத்தால் நெஞ்சுக்குள் விசில். அக்கா இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"இது பெயிண்ட்னால வந்தது. வேலையை விட்டுடுங்க."

"வேற வேலை தெரியாதுங்க" என்றார் மாமா.

"அப்போ இதை விடாம இழுங்க. காலையில, சாயந்திரம். மூச்சு முட்டினாலும் இதையேதான் இழுக்கணும். ஒருநாளும் நிறுத்தக்கூடாது" என்று ஒரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

விடாமல்தான் இழுத்தார். என் கடைக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார். நல்ல மருந்து. பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும், அதில் இன்னும் எத்தனை தடவை இழுக்கலாம் என்று எண் தெரியும். அந்த மருந்தில் மாமா மறுபடியும் மனுஷனானார். மாடியேறினார், பாட்டுப் பாடினார், என்னை வம்புக்கு இழுத்தார்.

பிறகு விலை ஏறியது.

விலை ஏறுவது எப்படி என்று கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்களுக்குத் தெரியும். மருந்து அதேதான். உள்ளே இருக்கிறதும் அதேதான். ஒருநாள் மேலே இருக்கிற பிளாஸ்டிக் கூட்டின் நிறத்தை மாற்றுவார்கள், மூடியை வளைப்பார்கள், பழையது இனி வராது என்பார்கள். புதியது வரும்போது விலை முக்கால்வாசி கூடி வரும். கம்பெனி ஆளிடம் கேட்டேன். பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு, பேனா ஒன்றைக் கவுண்ட்டரில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"புது டிசைன் மேடம். கையில பிடிக்க சுகமா இருக்கும்."

"மூச்சு முட்டுறவன் கைக்கு சுகமா கேட்டான்?" என்றேன்.

"ஆராய்ச்சிச் செலவு இருக்கே மேடம்."

"மூடியை வளைக்கிறதுக்கா?"

பேனாவைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் கடை முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கவுண்ட்டரில் நான் பார்த்ததையெல்லாம் எங்கே போய்க் கொட்டுவது? சீட்டை நீட்டுவார்கள், விலையைச் சொன்னதும் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஏடிஎம் போய்ட்டு வந்துடறேன்" என்பார்கள். திரும்பி வர மாட்டார்கள். ஒருத்தர்கூட 'காசில்லை' என்று சொன்னதில்லை. எல்லோருக்கும் ஏடிஎம்தான் கைகொடுக்கிறது.

மாமாவும் வருவதை நிறுத்தினார். கேட்டால், "பட்டறைப் பக்கத்துலயே ஒரு கடை வந்திருக்கு, அங்கயே வாங்கிட்டேன் டாக்டரம்மா" என்பார். பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற மனுஷன் அவர். அந்த ஒரு பொய்யை மட்டும் காது சிவக்காமல் சொன்னார். மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. அக்கா தையல் கடையில் காஜா எடுக்கிறவள், அவள் கைக்கு வருவது வீட்டு வாடகைக்குச் சரியாகப் போய்விடும். மச்சினியிடம் இனாமாக வாங்குவது அவருக்கு மானப் பிரச்சினை. இந்த மானத்தை ஒரு நாள் நான் கையில் பிடித்தால் கழுத்தை நெரித்துவிடுவேன்.

பட்டறையில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கே பெயிண்டர்கள் மூன்று பேர். மாமா, நெட்டையன், மீசைக்காரர். மூன்று பேருக்கும் நெஞ்சில் அதே விசில். மூன்று பேருக்கும் மூன்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே மாதிரி மருந்து. விலை ஏறினதும் மூன்று பேரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று வாங்க முடியாது, ஆகவே மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று. அதுவும் இருப்பதிலேயே விலை குறைந்தது, எண் காட்டுகிற ஜன்னல் இல்லாதது. அதை ஸ்ப்ரே ரூம் வாசலில் ஒரு ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். 'பொதுப் பம்ப்' என்று பெயர். காலை, மாலை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. யாருக்கு முட்டுகிறதோ அவர் போய் இழுத்துக்கொள்ள வேண்டியது.

எண் இல்லையே, மருந்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்கு அவர்களிடம் ஒரு வழி இருந்தது. பெயிண்டர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. பெயிண்ட் டப்பாவைக் கையில் எடுத்து, காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால், உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். காலமெல்லாம் அதைச் செய்து பழகின கை. இன்ஹேலரையும் அப்படியே குலுக்கினார்கள். "சலசலன்னு இருக்கு, இன்னும் வரும்" என்பார் நெட்டையன். அழுத்திப் பார்த்தால் உஸ்ஸென்று வெளியே வரும். கன்னிலிருந்து உஸ்ஸென்று வந்தால் பெயிண்ட் இருக்கிறது என்று அர்த்தம். வேறு என்ன சாட்சி வேண்டும்?

இன்ஹேலர் பெயிண்ட் டப்பா இல்லை. அதற்குள் மருந்து ஒன்று, மருந்தை வெளியே தள்ளுகிற வாயு ஒன்று. மருந்து தீர்ந்த பிறகும் வாயு பாக்கி இருக்கும். குலுக்கினால் சலசலக்கும், அழுத்தினால் சீறும். எண் காட்டுகிற ஜன்னலை எதற்கு வைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த ஜன்னலுக்குக் காசு கொடுக்க முடியாதவன் காதை நம்பவேண்டியதுதான். மூன்று பேர் இழுத்தால் ஒரு பம்ப் எத்தனை நாளைக்கு வரும்? அது எப்போதோ தீர்ந்துவிட்டிருக்கிறது. மூன்று பேரும் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு, பரவாயில்லை, கொஞ்சம் தேவலை என்று ஒருத்தரையொருத்தர் சமாதானப்படுத்திக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு சிவப்புக் கார். முன்பக்கம் முழுக்க அடிபட்டு வந்து, ஒடுக்கு நீக்கி, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, கடைசிப் பூச்சுக்கு நின்றது. சிவப்பு லேசில் படியாது, ஆகவே கண்ணாடிதான் அடிக்கவேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். மாமா உள்ளே போனார். பாதியிலேயே மூச்சு முட்டியிருக்கிறது. பாதியில் விட்டால் பூச்சில் கோடு விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் அடித்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறார். வந்து ஆணியிலிருந்து பம்பை எடுத்து இழுத்தார். உஸ்ஸென்று வந்தது. மறுபடி இழுத்தார், மறுபடி வந்தது. இழுப்பு இறங்கவில்லை. நெட்டையன் வாங்கிக் குலுக்கிப் பார்த்து, "இருக்குண்ணே, நல்லா இழுங்க, இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவரும் நம்பி இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டிய நேரமெல்லாம் அந்த வெறும் காற்றில் போய்விட்டது. உதடு நீலமான பிறகுதான் மீசைக்காரர் சத்தம் போட்டு, டெலிவரிக்கு நின்ற யாருடைய காரிலோ தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

பிழைத்தார். குழாய் போட்டு, ஊசி போட்டு, மெஷினில் வைத்துப் பிழைக்கவைத்தார்கள். இரண்டாம் நாள் வார்டில் நெட்டையன் கட்டிலோரம் நின்று, அந்தப் பம்பை என்னிடம் காட்டி, "பாருங்க, இன்னும் சலசலங்குது" என்றார். நான் அதை வாங்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

திட்டவேண்டியவர்கள் வேறு பக்கம் இருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். பட்டறையில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு இன்ஷூரன்ஸ் இருந்தது. அந்த ஆபீஸில் ஒரு பெண் பொறுமையாகத்தான் பேசினாள். ஆஸ்பத்திரியில் படுத்ததற்குக் கொடுப்பார்களாம். வெளியே வாங்குகிற மருந்துக்குக் கிடையாதாம்.

"அந்த மருந்து இருந்திருந்தா அவர் படுத்தே இருக்க மாட்டாரு" என்றேன்.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா அட்மிட் ஆனாத்தான் கிளெய்ம்."

விழுந்தால் காசு உண்டு, விழாமல் இருக்கக் காசு கிடையாது. இதை உட்கார்ந்து யோசித்து எழுதின மகானை எனக்கு ஒருமுறை பார்க்கவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் என்றார்கள். போய் வரிசையில் நின்றோம். ஜன்னலுக்குள் இருந்தவர் கையை விரித்தார். "ஸ்டாக் இல்ல. அடுத்த வாரம் வந்து பாருங்க." அடுத்த வாரமும் போனேன். அதே ஜன்னல், அதே கை.

பட்டறை முதலாளி வார்டுக்கே வந்தார். பை நிறையப் பழம் வாங்கிவந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுத் தலை முழுகிவிடலாம். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மாமா கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணாடி என் கூடப்பிறந்த தம்பி மாதிரி" என்றார். கண் கலங்கினார். தம்பிக்கு மருந்து யார் வாங்குவது என்று நான் கேட்டதும் கண் காய்ந்துவிட்டது.

"உடம்புங்கறது அவங்கவங்க சொந்த விஷயம் இல்லையாம்மா? நான் சம்பளம் குடுத்துடறேன்ல."

 அக்கா பழத்தை வாங்கி அலமாரியில் வைத்தாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம். நான் கொதித்தால் பொங்கி வழிந்து அடங்கிவிடுவேன். அவள் அடியில் பற்றிக்கொள்கிற ரகம்.

மாமா வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலையில் எனக்குப் போன் பண்ணினாள். "இன்னைக்குக் கடைக்கு லீவு சொல்லு. பட்டறைக்குப் போறோம்." மாமாவும் கிளம்பிவிட்டார். எதற்கு என்றால், அக்கா ஏதாவது எக்குத்தப்பாகப் பேசிவிடுவாளோ என்ற பயம் பாதி. மீதிப் பாதி, உதிரி பாகம் வராமல் நின்றிருந்த அந்தச் சிவப்புக் கார் அன்றைக்குத்தான் டெலிவரி, அதைப் பார்க்கவேண்டும். தன்னைச் சாகடிக்கப் பார்த்த காரைப் பார்ப்பதற்கு ஆசையாகக் கிளம்புகிற மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

நாங்கள் போனபோது காரின் சொந்தக்காரம்மா வந்து முதலாளி மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். ஆபீஸ் போகிற அவசரம் முகத்தில் தெரிந்தது. முதலாளி பில் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா நேராகப் போய் மேஜைப் பக்கத்தில் நின்று பில்லைக் குனிந்து பார்த்தாள்.

"பொருள்னு தனியா எழுதியிருக்கீங்களே, அதுல என்னென்ன?"

"பெயிண்ட், ஹார்ட்னர், தின்னர், டேப்பு, உப்புத்தாள். ஏம்மா?"

"தின்னர் விலை ஏறினா நீங்க என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது? ஏத்தித்தான் போடணும். தின்னர் இல்லாம பெயிண்ட் அடிக்க முடியுமா?"

"இவர் மூச்சு இல்லாம அடிக்க முடியுமா?" என்றாள் அக்கா. "அந்தப் பம்பும் பொருள்தான். தின்னருக்குக் கீழ எழுதுங்க."

மாமா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், வா. முதலாளிகிட்ட போய்..." அக்கா நகரவில்லை. அந்தம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். வாடிக்கையாளர் முன்னால் ரகளை வேண்டாம் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்கவேண்டும். "சரிம்மா, சரி. எழுதிட்டாப் போச்சு" என்று தின்னருக்குக் கீழே 'சுவாச மருந்து' என்று ஒரு வரி எழுதினார். நிறைய இல்லை, அந்தக் காருக்கு உண்டான பங்கு மட்டும். பக்கத்திலிருந்த டேப்பைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அந்தம்மா பில்லை வாங்கிப் படித்தாள். விரல் அந்த வரியில் நின்றது.

"இது என்ன?"

"பெயிண்டருக்கு மருந்துங்க" என்றார் முதலாளி, அவளைப் பார்க்காமல்.

"அவருக்கு உடம்பு சரியில்லேன்னா நான் ஏன் கட்டணும்? எங்கப்பாவுக்கு இதயத்துக்கு மாசாமாசம் மாத்திரை. போன வருஷத்துக்கு இந்த வருஷம் ரெண்டு மடங்கு. நான் அதை யார் பில்லுல எழுதறது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, முதலாளியின் பேனாவையே எடுத்து அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், அவள் கேட்டதில் தப்பில்லை. அவள் அப்பா வாங்குகிற மாத்திரையையும் நான்தான் யாருக்காவது எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். அவளும் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள்தான்.  மூடியை வளைத்து விலையை ஏற்றினவன் எங்கேயோ குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே நாங்கள் ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி நின்றுகொண்டு ஒருத்தர் தலையில் ஒருத்தர் கட்டப்பார்க்கிறோம்.

அக்கா அவளிடம் வாதாடவில்லை. "சரி, காசு குடுக்காத பொருளை நாங்க திருப்பி எடுத்துக்கிறோம்" என்றாள். திரும்பி நடந்து, பெஞ்சு மேலிருந்த தின்னர் டின்னைச் சாய்த்து ஒரு துணியை நனைத்துக்கொண்டு, சிவப்புக் காரை நோக்கிப் போனாள். மேலே காய்ந்தாலும் உள்ளே இன்னும் முழுசாக இறுகாத புதுப் பூச்சின் மேல் தின்னர் துணி பட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நெட்டையனும் மீசைக்காரரும் நின்ற இடத்தில் நின்றார்கள். தடுக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

ஓடினது மாமா. வீட்டு வாசற்படி ஏற அக்கா தோளைப் பிடிக்கிற மனுஷன், பட்டறைக்குக் குறுக்கே ஓடிப்போய்க் கார் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். அது என் வேலை" என்றார். "நான் அடிச்சது. வேண்டாம்."

அதற்குமேல் அவருக்குப் பேச வரவில்லை. நெஞ்சு மேலும் கீழும் போக ஆரம்பித்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறின. தாங்கிக்கொள்ள ஒரு இடம் வேண்டும், காரின் மேல் கை வைக்கலாம், ஆனால் ரேகை பதிந்துவிடும் என்று வைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் வாங்கிக் கொடுத்திருந்த புது மருந்து அவள் பையில் இருந்தது. அதை வாயில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. மூச்சு வருகிறவரைக்கும் அந்தப் பட்டறையில் யாரும் அசையவில்லை. அந்த விசில் சத்தத்தை அந்தம்மாவும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினாள்.  "இந்தாங்க. தெரியாமப் பேசிட்டேன். இந்த ஒரு தடவை வச்சுக்கங்க."

அக்கா தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு தடவைக்கா? அவர் ஒரு தடவைதான் மூச்சு விடுவாரா?"

 நோட்டை எங்கே வைப்பது என்று அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. பிறகு அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, கோடு போட்ட பில்லுக்கு உண்டானதைக் கட்டிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கார் வெளியே போகும்போது வெயில் பட்டு அந்தச் சிவப்பு பளபளத்தது. மாமா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது.

முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மாமாவை உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அக்காவிடம் சொன்னார்.

"நான் ஒரு வழி சொல்றேன் கேளும்மா. மருந்துன்னு எழுதினா யாரும் குடுக்க மாட்டாங்க. நானே குடுக்க மாட்டேன். 'மெருகு'ன்னு ஒரு வரி போட்டுடறேன். வண்டி பளபளப்புக்குன்னு சொன்னா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க, சந்தோஷமாக் குடுப்பாங்க. அந்தக் காசுல மூணு பேருக்கும் மாசாமாசம் நானே மருந்து வாங்கிடறேன். விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

மாமா உடனே தலையாட்டினார். "ரொம்ப நல்லதுங்க முதலாளி." நெட்டையன் முகத்தில் அன்றைக்கு முதல்தடவையாக ஒரு தெளிவு. எனக்கும் மனசுக்குள் அப்பாடா என்றுதான் இருந்தது. எந்தப் பெயரில் வந்தால் என்ன, மருந்து வந்தால் சரி. பூசி மெழுகுவது அந்தப் பட்டறையின் தொழில், இதையும் பூசிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அக்கா மட்டும் பில் புத்தகத்தை எடுத்து முதலாளி முன்னால் விரித்து வைத்தாள்.

"பேரை மாத்தாதீங்க. சுவாச மருந்துன்னே எழுதுங்க. எழுதின அன்னைக்கு இவரை அனுப்புறேன். அதுவரைக்கும் இவர் கன்னைத் தொட மாட்டாரு."

"எழுதினா அந்தம்மா மாதிரி எல்லாரும் கோடு போடுவாங்கம்மா. அப்போ நான்தானே கையிலேர்ந்து கட்டணும்?"

"ஆமா. தின்னர் மேல கோடு போட்டா யார் கட்டுவீங்களோ, அவங்கதான் கட்டணும்."

"தின்னர் மேல யாரும்மா கோடு போடுவாங்க?" என்றார் முதலாளி.

"தெரியும்" என்றாள் அக்கா. "இவர் மேலதான் போடுவாங்க. போடட்டும். எது மேல போடறோம்னு படிச்சுப் பாத்துட்டுப் போடட்டும்."